ஒஹாயோவின் ஆறு மைல் சதுரங்கள்: நல்ல அளவையா, அவசர அளவையா?

முளைக்கல்:
"காடு மலை பார்க்காமல் கட்டம் போட்டதைத் தவிர அமெரிக்க நில அளவையில் ஒன்றுமில்லை" என்று இங்கே ஒரு கருத்து வந்தது. அதை முழுமையாக மறுக்கிறேன்.

1785 மே 20 அன்று நிலச் சட்டம் வந்தபோது, சுதந்திரப் போரின் கடனில் மூழ்கியிருந்த அமெரிக்கக் காங்கிரஸுக்கு (நாட்டின் சட்டமன்றம்) வரி போடும் அதிகாரமே கிடையாது. கையில் இருந்ததெல்லாம் ஒஹாயோ ஆற்றுக்கு வடமேற்கே கிடந்த நிலம்தான். அதை விற்பதானால், விற்கிற துண்டு எது என்று குழப்பமில்லாமல் சொல்ல முடிய வேண்டும். ஆறு மைலுக்கு ஆறு மைல் ஒரு டவுன்ஷிப், அதற்குள் ஒரு மைல் சதுரமாக 36 செக்‌ஷன், ஒவ்வொன்றும் 640 ஏக்கர் என்று வகுத்தார்கள். 66 அடி நீளமுள்ள கன்டர் அளவைச் சங்கிலி (அதில் நூறு லிங்க்ஸ்) 80 போட்டால் ஒரு மைல். 80-ஐ 80-ஆல் பெருக்கினால் 6,400 சதுரச் சங்கிலி, பத்துச் சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். நம்மூரில் சென்ட் கணக்கு தெரிந்தவர்களுக்கு இது பழகிய கணக்குதான்: ஆயிரம் சதுர லிங்க்ஸ் ஒரு சென்ட், லட்சம் சதுர லிங்க்ஸ் ஒரு ஏக்கர். ஒவ்வொரு டவுன்ஷிப்பிலும் 16-ஆம் செக்‌ஷனைப் பள்ளிக்கூடத்துக்கு ஒதுக்கினார்கள்.

இது இல்லாத இடத்தில் என்ன நடந்தது என்பதற்குப் பக்கத்திலேயே கென்டக்கி இருக்கிறது. அங்கே உரிமைச் சீட்டு வைத்திருந்தவர் தாமே ஒரு சர்வேயரைக் கூட்டிப்போய், ஏதோ ஒரு மரத்திலிருந்தோ ஓடை வாயிலிருந்தோ தொடங்கி, பிடித்த வடிவத்தில் அளந்துகொள்ளலாம். விளைவு, ஓடு வேய்ந்த மாதிரி ஒரு பட்டாமேல் இன்னொரு பட்டா. கென்டக்கிக்கு வழி திறந்த பெயர்பெற்ற முன்னோடி டேனியல் பூன் போன்றவரே அங்கே நிலம் இழந்தார். ஆபிரகாம் லிங்கனின் தந்தை 1816-இல் கென்டக்கியை விட்டு இண்டியானா போனதற்கு முக்கியக் காரணம் பட்டாச் சிக்கல் என்று லிங்கனே எழுதியிருக்கிறார். நம் பத்திரங்களில் நான்கெல்லை மட்டும் எழுதி, பக்கத்து நிலத்துக்காரர் பெயர் மாறியதும் எல்லை எதுவென்று தெரியாமல் தவிப்போமே, அதே நோய்தான்.

நதிக்கரை:
சட்டப் பிரதியை வைத்து அளவையை மதிப்பிடுகிறீர்கள். முதன்முதலில் அளந்த, கிழக்கு ஒஹாயோவின் 'ஏழு வரிசைகள்' பகுதியையே எடுத்துக்கொள்வோம். அளவைக்குத் தலைமை தாங்கிய தாமஸ் ஹட்சின்ஸ் 1785 செப்டம்பர் 30-ஆம் தேதி, பென்சில்வேனியா எல்லை ஒஹாயோ ஆற்றைத் தொடும் இடத்தில் ஆரம்பித்தார். நாலு மைல் அளவுக்குப் போனதும், பழங்குடியினர் தாக்குவார்கள் என்ற செய்தி கேட்டுத் திரும்பிவிட்டார்கள். அடுத்த வருடம்தான் வேலை தொடர்ந்தது. உண்மை வடக்கைக் கணித்துக் கோடு ஓட்ட வேண்டும் என்று சட்டம் சொன்னது. நேரமாகிறது என்று 1786-இல் காங்கிரஸே அதை நிறுத்தி வைத்தது. காந்த ஊசி காட்டிய பக்கம் வடக்கு என்றானது.

அதைவிடப் பெரிய குறை இன்னொன்று. டவுன்ஷிப்பின் வெளிக்கோடுகளை மட்டும்தான் தரையில் ஓட்டினார்கள். மைலுக்கு ஒரு அடையாளம் வைத்தார்கள், அவ்வளவே. உள்ளே இருக்கும் 36 சதுரமும் காகிதத்தில் மட்டும். பணம் கட்டியவர் தன் செக்‌ஷன் மூலையைத் தானே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

விலையையும் பாருங்கள். ஏக்கருக்குக் குறைந்தது ஒரு டாலர், வாங்கினால் 640 ஏக்கராக வாங்க வேண்டும். 1796-இல் அதை இரண்டு டாலராக்கினார்கள், அதாவது 1,280 டாலர். உழுது பிழைக்கிறவன் எங்கே போவான்? 1820-இல்தான் 80 ஏக்கர், ஏக்கர் ஒன்றேகால் டாலர் என்று இறங்கியது. 35 வருடம் அந்தச் சதுரம் ஊக வணிகருக்குத்தான் வசதியாக இருந்தது.

லிங்க்ஸ்நூறு:
இருவரும் 'பிழை' என்று பொதுவாகப் பேசுகிறீர்கள். எந்தப் பிழை, எந்தப் பக்கம் இழுக்கும் என்று பிரித்தால்தான் இந்த விவாதம் நகரும்.

சங்கிலிப் பிழை. நூறு லிங்க், ஒவ்வொன்றையும் அடுத்ததோடு சிறு வளையங்கள் கோக்கின்றன. இணைப்புக்கு இரண்டு வளையம் என்றால் உரசும் முகங்கள் ஆறு, சங்கிலி முழுக்க 600. முகத்துக்கு அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு தேய்ந்தாலே சங்கிலி ஆறு அங்குலம் நீண்டுவிடும். அந்தச் சங்கிலியால் 80 போட்டால் 'ஒரு மைல்' 40 அடி கூடுதலாக விழும். அதனால்தான் தனியாகப் பாதுகாத்த ஒரு நியமச் சங்கிலியோடு அடிக்கடி ஒப்பிடச் சொன்னார்கள். ஒப்பிடாதவர் அளந்த செக்‌ஷன்கள் 640 ஏக்கரைத் தாண்டும்.

சரிவில் இதற்கு நேர்மாறு. சங்கிலியைக் கிடைமட்டமாகப் பிடிக்க வேண்டும். செங்குத்தான இடத்தில் பாதிச் சங்கிலி, கால் சங்கிலியாக உடைத்து, தூக்குக் குண்டு விட்டு இறக்க வேண்டும். சோம்பல்பட்டுத் தரையோடு படுக்கவிட்டால், பத்து டிகிரி சரிவில் 66 அடிச் சங்கிலி கிடைமட்டத்தில் 65 அடிதான் கடக்கும். மைலுக்கு 80 அடி குறையும். கிழக்கு ஒஹாயோ முழுக்க மேடும் பள்ளமும்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

எண்ணிக்கைத் தவறு எல்லாவற்றிலும் கொடியது. முன்னால் போகிறவர் கையில் பதினோரு கம்பி ஊசி. சங்கிலிக்கு ஒன்றாகக் குத்திக்கொண்டே போவார், பின்னால் வருகிறவர் பிடுங்கிச் சேர்ப்பார். பத்துச் சங்கிலி முடிந்ததும் ஊசி கைமாறும், ஒரு சுற்று என்று இருவரும் உரக்கச் சொல்லிக் குறிப்பார்கள். ஒரு சுற்றை மறந்தால் 660 அடி போச்சு. புதரில் ஒரு ஊசி விழுந்தால் 66 அடி.

திசைப் பிழைக்குத் திசைமானியின் காந்த ஊசிதான் காரணம். ஒரு டிகிரி தவறினால் மைல் கடைசியில் 92 அடி விலகல். ஊசி காட்டும் வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள கோணமான காந்த விலக்கம் வருடத்துக்கு வருடம் மாறும், இரும்புத் தாது இருந்தால் ஊசி சுழலவே செய்யும். 1844-இல் மிச்சிகன் மேல் தீபகற்பத்தில் சர்வேயர் வில்லியம் பர்ட்டின் குழு மார்க்வெட் பகுதி இரும்பைக் கண்டதே ஊசி தாறுமாறாக ஆடியதால்தான். 1836-இல் அவர் காப்புரிமை பெற்ற, சூரியனை வைத்து வடக்கைக் காட்டும் சூரியத் திசைமானி கையில் இருந்ததால் கோடு தப்பியது.

கடைசியாகப் பூமியின் வடிவம். இது யாருடைய தவறும் அல்ல. வடக்கே போகப் போகத் தீர்க்கக் கோடுகள் நெருங்கும். 40 பாகை அட்சத்தில் ஆறு மைல் இடைவெளியில் கிளம்பிய இரு கோடுகள், ஆறு மைல் வடக்கே போவதற்குள் 40 அடி நெருங்கிவிடும். உருண்டையில் சரியான சதுரம் போடவே முடியாது. பிற்காலத்தில் நிலைபெற்ற முறைப்படி 24 மைலுக்கு ஒரு திருத்தக் கோடு போட்டு, அங்கே மறுபடி முழு அளவில் தொடங்கினார்கள். சமவெளியில் நேராகப் போகும் சாலை திடீரென்று ஒடிந்து, பக்கவாட்டில் கொஞ்சம் நகர்ந்து, மறுபடி நேராகப் போகிறதே, அந்த ஒடிவு பல இடங்களில் இந்தத் திருத்தக் கோடுதான்.

முளைக்கல்:
அருமையான விளக்கம், நன்றி. இதிலிருந்தே என் வாதம் வலுக்கிறது. பிழை வரும் என்று தெரிந்ததால் அதை எங்கே தள்ளுவது என்று முன்கூட்டியே விதித்தார்கள். 1800 மே 10 சட்டப்படி கூடுதலோ குறைவோ டவுன்ஷிப்பின் வடக்கு ஓரச் செக்‌ஷன்களிலும் மேற்கு ஓரச் செக்‌ஷன்களிலும் போய்ச் சேரும். நடுவில் இருப்பவை முழுதாக இருக்கும்.

1805 பிப்ரவரி 11 சட்டம் இன்னும் முக்கியம். அரசின் சர்வேயர் தரையில் நட்ட மூலைதான் மூலை, ஓட்டிய கோடுதான் எல்லை. பின்னால் துல்லியமான கருவியோடு வந்து "அது 50 அடி தள்ளியிருக்க வேண்டும்" என்று யார் நிரூபித்தாலும் மூலை நகராது. நம் நீதிமன்றங்களும் பரப்பும் எல்லையும் முரண்பட்டால் எல்லைக்குத்தானே முன்னுரிமை தருகின்றன? குடியேறியவனுக்குத் தேவைப்பட்டது துல்லியம் அல்ல, உறுதி.

அந்த மூலைக்குச் சாட்சியும் வைத்தார்கள். கம்பம் நட்டு, பக்கத்து மரங்களில் பட்டை செதுக்கி, குறிப்பேட்டில் இப்படி எழுதுவார்கள் (மாதிரிக்குச் சொல்கிறேன்): வெள்ளை ஓக், குறுக்களவு 14 அங்குலம், வடக்கிலிருந்து கிழக்கே 32 டிகிரி, தூரம் 45 லிங்க்ஸ். கம்பம் மக்கினாலும் மரத்திலிருந்து திரும்பப் பிடிக்கலாம். மரமே இல்லாத புல்வெளியில் குழி தோண்டி மண்மேடு எழுப்பி, அடியில் கரி போடுவார்கள். கரி மக்காது.

நதிக்கரை:
நட்டிருந்தால் சரி. நடாமலே எழுதியவர்கள்? கூலி மைல் கணக்கு. 1785-இல் மைலுக்கு இரண்டு டாலர், சங்கிலி பிடிப்பவர் கூலியும் அதற்குள்ளேயே. மைல் கணக்கில் கூலி கொடுத்தால் சதுப்பும் பாறையும் வரும்போது மனசு குறுக்கு வழி தேடும். 1870-80களில் கலிபோர்னியாவில் பென்சன் கும்பல் என்று பெயர் வாங்கிய ஒப்பந்தக்காரர்கள், காலே வைக்காத மலைகளுக்கு முகாமில் உட்கார்ந்து குறிப்பேடு எழுதி அரசிடம் பணம் வாங்கினார்கள். உங்கள் 1805 விதி அந்த இடத்தில் எதைப் பிடித்துக்கொள்ளும்?

அடுத்தது தண்ணீர். நூறாவது தீர்க்க ரேகைக்கு மேற்கே மழை குறைந்துகொண்டே போகிறது. அங்கேயும் அதே 160 ஏக்கர் கால்செக்‌ஷனை குடியேறுபவர்களுக்கான 1862 ஹோம்ஸ்டெட் சட்டம் கொடுத்தது. ஓடை நாலு செக்‌ஷனில் ஓடினால் அந்த நாலு பேர் சுற்றியுள்ள மேய்ச்சல் முழுவதையும் ஆட்டிவைப்பார்கள். மேற்குப் பகுதியை ஆராய்ந்த ஜான் வெஸ்லி பவல் 1878-இல் அரசுக்குக் கொடுத்த அறிக்கையில் இதைத் தெளிவாகவே சொன்னார்: பாசனம் உண்டென்றால் 80 ஏக்கர் போதும், மேய்ச்சல் பண்ணை என்றால் 2,560 ஏக்கர் வேண்டும், துண்டுகளின் வடிவம் தண்ணீரைப் பின்பற்ற வேண்டும். கேட்கவில்லை. வறண்ட நிலத்தில் பட்டினி கிடந்து ஓடிப்போன குடும்பங்களை நினைத்தால் வயிறு எரிகிறது.

பனிப்புல்:
கனடாப் பக்கம் ஒருவரும் வரவில்லையே. இன்றைய மானிடோபாவில் இருந்த ரெட் ரிவர் குடியிருப்பில் மேட்டி மக்களின் (பழங்குடியினரும் ஐரோப்பியரும் கலந்த வழியினர்) நிலம் ஆற்றில் முகம் வைத்த நீளத் துண்டுகள். அகலம் குறைவு, ஆழம் இரண்டு மைல், அதற்குப் பின்னால் இன்னும் இரண்டு மைல் வைக்கோல் உரிமை, அதாவது கால்நடைக்குப் புல் அறுத்துக்கொள்ளும் உரிமை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஆற்றுத் தண்ணீர், கரையோர மரம், உழவு நிலம், புல்வெளி எல்லாம் ஒரே பட்டையில் கிடைக்கும். அண்டை வீடு கூப்பிடு தூரத்தில் இருக்கும். அதன்மேல்தான் ஒட்டாவாவிலிருந்த கனடா அரசு 1869-இல் சதுரம் போட ஆளனுப்பியது. நிலம் அதை வைத்திருந்த ஹட்சன் விரிகுடா வணிகக் கம்பெனியிடமிருந்து அப்போது கைமாறக்கூட இல்லை; டிசம்பர் 1-க்குத்தான் நாள் குறித்திருந்தார்கள். அக்டோபர் 11 அன்று ஆந்த்ரே நோவின் வைக்கோல் நிலத்தில் மேட்டித் தலைவர் லூயி ரியெல் ஆயுதமில்லாமல் தோழர்களோடு வந்து சங்கிலியை மிதித்து நின்றார். அளவை நின்றது, எதிர்ப்பு தொடங்கியது, 1870-இல் மானிடோபா மாகாணம் பிறந்தது.

முளைக்கல்:
அது அநியாயம், மறுக்கவில்லை. ஆனால் பிறகு அந்த ஆற்றோரத் துண்டுகளை இருந்தபடியே அளந்து, சுற்றி மட்டும் சதுரம் போட்டார்கள். லூசியானாவிலும் 1811-இல் ஆற்றங்கரைக்கு நீளத் துண்டுகளைச் சட்டமே அனுமதித்தது. கனடா 1871 முறையில் ஒவ்வொரு செக்‌ஷனைச் சுற்றியும் 99 அடி சாலைக்கு விட்டு, 640 ஏக்கரைத் தொடாமல் வைத்தது. அமெரிக்கக் கட்டத்தில் சாலைக்கு இடமே விடாததால் பின்னால் ஆளாளுக்கு நிலம் விட்டுக்கொடுக்க வேண்டி வந்தது. ஆக, கட்டம் வளையக்கூடியதுதான். குற்றம் கேட்காமல் அளந்ததில்.

நதிக்கரை:
கேட்காமல் அளக்க வசதி செய்து கொடுத்ததே கட்டம்தான். நீளத் துண்டை அளக்க வேண்டுமென்றால் அங்கே யார் இருக்கிறார், வேலி எது, வைக்கோல் யாருடையது என்று போய் விசாரித்தே ஆக வேண்டும். சதுரத்துக்கு ஒரு தொடக்கப் புள்ளியும் வடக்குத் திசையும் போதும். மனிதரைப் பார்க்கவே வேண்டாம். ஒஹாயோவில் ஷானி, டெலவேர், வயாண்டாட் பழங்குடி மக்களின் கூட்டமைப்பு "நிலத்தை விட்டுக்கொடுக்கும் இந்த ஒப்பந்தங்கள் எங்களைக் கட்டுப்படுத்தாது" என்று சொல்லிக்கொண்டிருந்தபோதே செக்‌ஷன் எண்கள் நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்துவிட்டன. அந்த மக்கள் நிலத்தை விட்டுக்கொடுத்துக் கையெழுத்திட்ட 1795 கிரீன்வில் ஒப்பந்தம் வருவதற்குள் எத்தனை ஊர்கள் எரிந்தன! ஏலம் முதலில், ஒப்புதல் கடைசியில்.

பனிப்புல்:
ஒரு நடைமுறைக் கேள்வி. கம்பமும் போய், சாட்சி மரமும் போனால் 1805 விதியை வைத்து என்ன செய்வது?

லிங்க்ஸ்நூறு:
முதலில் உண்மையிலேயே போய்விட்டதா என்று பார்க்க வேண்டும். பழைய வேலி, சாலைச் சந்திப்பு, முந்தைய சர்வேயர் குறிப்பு, மண்ணுக்கடியில் கம்பம் மக்கிய கரும்பழுப்புக் கறை, இவற்றில் ஒன்று கிடைத்தாலும் மூலை மறைந்திருக்கிறது, தொலையவில்லை. எதுவுமே இல்லையென்றால்தான் விகிதக் கணக்கு.

மேற்கு ஓரச் செக்‌ஷன் ஒன்றின் வடக்குக் கோட்டை எடுத்துக்கொள்வோம். குறிப்பேட்டில் கிழக்கு மூலையிலிருந்து நடு அடையாளத்துக்கு 40 சங்கிலி, அங்கிருந்து மேற்கு மூலைக்கு 38.40, மொத்தம் 78.40. இன்று இரு மூலைகளுக்கும் நடுவே அளந்தால் 78.96 வருகிறது. பழைய சங்கிலி தேய்ந்த சங்கிலி என்று இதிலேயே தெரிகிறது. 78.96-ஐ 78.40-ஆல் வகுத்து, அந்த விகிதத்தால் பெருக்கினால் கிழக்குத் துண்டு 40.29, மேற்குத் துண்டு 38.67. அடையாளம் கிழக்கிலிருந்து 40.29-இல் நிற்க வேண்டும்.

நடு அடையாளம்தானே என்று சரிபாதியில், 39.48-இல் கல் நட்டுவிடுபவர்கள் உண்டு. 81 லிங்க்ஸ் வித்தியாசம், 53 அடி. மேற்கு ஓரத்தின் குறைவு முழுவதையும் மேற்குத் துண்டுக்காரர் ஏற்கெனவே விலை குறைத்துத்தான் வாங்கியிருப்பார். சரிபாதி போட்டால் கிழக்கே இருப்பவர் பணம் கட்டிய 53 அடி அகல நிலம் அவரிடமிருந்து போய்விடும். நதிக்கரை கேட்ட பென்சன் கும்பல் வேலையிலும் இதே சிக்கல்தான், இன்னும் மோசம்: மூலை நடப்படவே இல்லை, ஆனால் குறிப்பேட்டை நம்பிப் பட்டா கொடுத்தாயிற்று. அங்கே பிடித்துக்கொள்ளப் பழைய மூலையே இல்லாததால் அரசு மறு அளவைக்கு ஆளனுப்ப வேண்டும். வருகிறவர், நல்லெண்ணத்தோடு வாங்கிப் பயிரிட்டவரின் வேலியைக் காப்பாற்றி, அவர் துண்டைத் தனியாக வகுத்த பிறகே மிச்சத்துக்குப் புதுக்கோடு ஓட்டலாம்.