பால்பபிள் (palpable), கைக்குத் தட்டுப்படறது, அப்பட்டமாத் தெரியறதுன்னு அர்த்தம் வர்ற இங்கிலீஷ் வார்த்தை, உங்களை எங்க மாட்டிவிட்டுச்சு?

அரைத்தூக்கம்:
அப்பாவோட மெடிக்கல் நோட்ஸ்ல "ஸ்ப்ளீன் நாட் பால்பபிள்"னு எழுதியிருந்தது, ஸ்ப்ளீன்னா மண்ணீரல். அக்கா அதைப் படிச்சுட்டு மண்ணீரலே இல்லையாம்னு அழ ஆரம்பிச்சுட்டா, நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அப்பா நேரா டாக்டர்கிட்டயே "எனக்கு அதை எப்ப எடுத்தாங்க"ன்னு கேட்டுட்டார். டாக்டர் சிரிக்கல. திரும்பப் படுக்கவச்சு இடது விலாவுக்குக் கீழ விரலை அழுத்தி, மூச்சை நல்லா இழுங்கன்னார். "கைக்குத் தட்டுப்படல, அதான் நல்லது, ரெண்டு மூணு மடங்கு வீங்கினாத்தான் தட்டுப்படும்"னார். அப்ப அப்பா முகத்துல ஒரு ஏமாற்றம் தெரிஞ்சுது பாருங்க, அது ஏன்னு இன்னும் பிடிபடல.

சப்டைட்டில்காரி:
எனக்கு அதே வார்த்தை, வேற தலைவலி. ஒரு சீன்ல பால்பபிள் டென்ஷன்னு வந்துச்சு, "பதற்றம் அப்பட்டமாத் தெரிஞ்சது"ன்னு போட்டேன். திருப்பி அனுப்பிட்டாங்க, அகராதியில இருக்கற மாதிரி "தொட்டுணரக்கூடிய பதற்றம்"னு போடணுமாம். எந்தக் கையால தொடறதுன்னு கேட்டேன், பதிலே இல்ல. அப்படியேதான் திரையில ஓடுது.

கைநாடி:
மேல உள்ளவங்க கோச்சுக்காதீங்க, ஆனா அப்பட்டமும் சரியில்ல. அப்பட்டமான பொய்னா ஓகே, பதற்றம் கண்ணுக்குத் தெரியறதில்லயே, அறைக்குள்ள நுழைஞ்சதும் மேல வந்து மோதறது. "பதற்றம் காத்துலயே இருந்துச்சு"ன்னு விட்டிருக்கலாம். என் கதை சின்னது, நான் நர்ஸ், ஓடற ஆம்புலன்ஸ்ல ஸ்டெதஸ்கோப்ல சத்தமே கேக்காது, அதனால மணிக்கட்டு நாடியில விரலை வச்சுக்கிட்டு கையில சுத்தின கஃப்புல (பிரஷர் பாக்கற பட்டை) காத்தை ஏத்தி நாடி நின்னதும் மெதுவா இறக்குவோம், திரும்ப முதல் துடிப்பு விரல்ல தட்டற இடம்தான் மேல் பிரஷர். கீழ் பிரஷர் இந்த முறையில கிடைக்காது. அந்த முதல் தட்டு இருக்கே, அதுக்காக மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருந்த ராத்திரி எல்லாம் இருக்கு. சரி விஷயத்துக்கு வரேன், டாக்டைல், டான்ஜிபிள், பால்பபிள் மூணையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பாதீங்க. டாக்டைல்னா தொடு உணர்வு சம்பந்தப்பட்டது, பிரெய்ல் மாதிரி. டான்ஜிபிள் கணக்குவழக்குப் பக்கம் போயிடுச்சு, கட்டடம் மெஷின் எல்லாம் டான்ஜிபிள் அசெட், அங்க போய் பால்பபிள் அசெட்னு எழுதினா சிரிப்பாங்க. பால்பபிள்ல மட்டும்தான் விரல் தேடிக்கிட்டே இருக்கு, கட்டி இருக்கா, நாடி இருக்கான்னு. எழுதறதுக்கு முன்னாடி யார் தேடறாங்க, எதைத் தேடறாங்கன்னு யோசிங்க, அப்புறம் வாக்கியத்தை ஒருதடவை சத்தமாப் படிச்சுப் பாருங்க.

மூன்றாம்வரிசை:
கைநாடி, அப்பட்டத்தை அவ்ளோ சீக்கிரம் தள்ளாதீங்க. ஷேக்ஸ்பியரோட ஹாம்லெட் நாடகத்துக் கடைசி அங்கத்துல வாள் போட்டி நடக்கும்ல, முதல் அடி பட்டுச்சா இல்லையான்னு கேக்கறப்ப அரசவை ஆள் ஆஸ்ரிக் இந்த பால்பபிளைத்தான் சொல்வான். வாள் உடம்புல நிஜமாவே பட்டுடுச்சு, பட்டது எல்லாருக்கும் தெரியவும் தெரியுது. ரெண்டும் ஒரே வார்த்தையில. நாங்க அதை மேடையில போட்டப்ப ஆஸ்ரிக்கா நடிச்சவர் அதைக் கத்தினதும் கூட்டமே கை தட்டுச்சு, வாள் பட்டவன் மட்டும் நிஜ வலியில முறைச்சுக்கிட்டு நின்னான். லத்தீன்ல தடவறதுக்கான சொல்லுதான் மூலம், நெஞ்சு படபடக்கறதைச் சொல்ற பால்பிடேஷனும் அதே குடும்பம்.

சப்டைட்டில்காரி:
நன்றி மூன்றாம்வரிசை. கைநாடி, சத்தமாத்தான் படிச்சேன்.

மாவுக்கை:
எனக்கு இதோட எதிர்ப்பதம்தான் பழக்கம். இம்பால்பபிள் பவுடர்னு பழைய மருந்துக் குறிப்புல வரும், விரலுக்கு நடுவுல தேச்சா ஒரு நறநறப்பும் இருக்கக்கூடாது. எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் கண்ணை மூடிக்கிட்டுத் தேச்சுப் பாத்துட்டு "இன்னும் கல்லு இருக்கு"ன்னு கல்வத்தை என் பக்கமே தள்ளிவிடுவார். கண்ணுக்கு அது வெறும் மாவுதாங்க.