புதிய பணித்தளம் திறந்தபோது: அமெரிக்க வட்டார விமானிகளோடு பழகியவர்களின் அனுபவங்கள்

மினியாபோலிஸிலிருந்து, முன்னாள் விமானி ஒருவர்

விமானத்தின் பக்கவாட்டில் டெல்டா கனெக்ஷன், யுனைடெட் எக்ஸ்பிரஸ், அமெரிக்கன் ஈகிள் என்று எழுதியிருந்தாலும், அதை ஓட்டுபவர்களுக்குச் சம்பளம் தருபவை பெரும்பாலும் ஸ்கைவெஸ்ட், ரிபப்ளிக், எண்டெவர், என்வாய் போன்ற, பெரிய நிறுவனங்களின் பெயரில் சிறு விமானங்களை இயக்கும் வட்டார நிறுவனங்கள்தாம். அப்படிப்பட்ட ஒரு நிறுவனத்தில் ஐம்பது இருக்கைகள் கொண்ட சிஆர்ஜே விமானத்தைச் சில ஆண்டுகள் ஓட்டினேன். அங்கே ஒவ்வொரு விமானிக்கும் ஒரு பணித்தளம் உண்டு; அவருடைய பயணத் தொடர் அங்கே தொடங்கி அங்கேயே முடியும். வீடு வேறு ஊரில் இருந்தால், தளத்துக்கு வந்து சேர்வது அவருடைய சொந்தப் பொறுப்பு, சொந்த நேரம். ஏதாவதொரு விமானத்தில் காலி இருக்கை கிடைத்தால் அதில் வரலாம். இல்லையென்றால் விமானி அறையிலுள்ள ஜம்ப் சீட் என்ற கூடுதல் இருக்கைக்காக அந்த விமானத்தின் கேப்டனிடம் அனுமதி கேட்டு நிற்க வேண்டும்.

தெற்கே நடுத்தர நகரம் ஒன்றில் புதிய பணித்தளம் திறக்கப்போவதாக அறிவிப்பு வந்த நாளில் என்னோடு பறந்த துணை விமானி அந்த ஊர்க்காரர். வேலைக்குச் சேர்ந்து ஓராண்டு முடிந்திருந்தது. இனி வாரந்தோறும் பனிக்காட்டுக்கு வந்து போக வேண்டியதில்லை என்று மனைவிக்கு உடனே தொலைபேசியில் சொல்லிவிட்டார். இடமாற்ற முடிவுகள் வெளியானபோது அவருக்கு இடம் கிடைக்கவில்லை. ஏனென்றால் அந்த ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் பதினைந்து, இருபது ஆண்டுகளாக வீடு வைத்துக்கொண்டு வடக்கே வந்து வேலை பார்த்த மூத்தவர்கள் ஏராளமாக இருந்தார்கள். வட்டார நிறுவனங்களில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது, வேலைக்குச் சேர்ந்த வரிசைப்படி தரப்படும் பணிமூப்பு எண். திறமையும் நல்ல பெயரும் அந்த எண்ணை ஒரு படிகூட உயர்த்தாது.

ஆனால் பின்னர் நடந்ததைத்தான் புதிதாகச் சேரும் தம்பிகளுக்கு நான் எப்போதும் சொல்வது. மூத்தவர்கள் தெற்கே போனதால் எங்கள் பழைய தளத்தில் இடைவெளி விழுந்தது. அதுவரை, நிறுவனம் அழைத்தால் மட்டும் பறக்கும் காத்திருப்புப் பணியில் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தத் துணை விமானிக்கு, மாதம் முழுவதற்குமான நிலையான பயண அட்டவணை கிடைத்தது. வார இறுதியை வீட்டில் கழிக்கும்படி பயணங்களைத் தேர்ந்தெடுக்கவும் அவரால் முடிந்தது. புதிய தளம் அதற்குப் போகாதவருக்கும் பயன் தந்தது.

சார்லட்டிலிருந்து, விமானியின் மனைவி

மேலே எழுதிய அண்ணா சொன்னதன் மறுபக்கத்தை நான் அனுபவித்தேன். என் கணவருக்கு முதலில் கிடைத்தது நியூயார்க் தளம். ஜேஎஃப்கே, லகார்டியா ஆகிய இரு விமான நிலையங்களுக்கும் இடையில் உள்ள கியூ கார்டன்ஸ் பகுதியில் விமானப் பணியாளர்கள் பலர் பகிர்ந்து தங்கும் ஒரு கிராஷ் பேடில் இடம் எடுத்திருந்தார். அந்தப் பகுதியை க்ரூ கார்டன்ஸ் என்றே கேலியாக அழைக்கும் அளவுக்கு அங்கே விமானப் பணியாளர்கள் குவிந்திருக்கிறார்கள். ஓர் அடுக்குமாடி வீட்டில் அறைக்கு இரண்டு, மூன்று அடுக்குக் கட்டில்கள் போட்டிருப்பார்கள். கூடுதல் வாடகை கொடுத்தால் தனக்கென்று ஒரு கட்டில். குறைவாகக் கொடுத்தால், யார் வெளியே பறந்துகொண்டிருக்கிறாரோ அவருடைய கட்டிலில் சொந்த விரிப்பைப் போட்டுக்கொண்டு படுக்க வேண்டியதுதான். அவர் இரண்டாவது வகையில் இருந்தார் என்பதை நான் நேரில் போய்ப் பார்த்த பிறகுதான் அறிந்தேன்.

பிறகு, எங்கள் வீட்டிலிருந்து காரில் போய்விடக்கூடிய விமான நிலையத்தில் நிறுவனம் தளம் திறந்தது. என் கணவருக்கு இடமும் கிடைத்தது. ஆனால் அங்கே வந்தவர்களில் அவர்தான் கடைசி எண்களில் ஒருவர். நியூயார்க்கில் நிலையான அட்டவணை வைத்திருந்தவர், சொந்த ஊரில் மறுபடியும் காத்திருப்புப் பணிக்குத் திரும்பினார். அழைப்பு வந்தால் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்குள் விமான நிலையத்தில் நிற்க வேண்டும். பிள்ளையின் பள்ளி விழாவுக்குச் சீருடையைக் காரில் மாட்டிக்கொண்டு போனோம். தூரத்திலுள்ள கோயிலுக்குப் போவதை விட்டுவிட்டோம்.

வெளியூரில் நல்ல அட்டவணையா, உள்ளூரில் காத்திருப்பா என்று விமானிகள் முடிவில்லாமல் விவாதிப்பார்கள். குடும்பத்தின் பக்கம் நின்று பார்த்தால் எனக்கு அதில் விவாதமே இல்லை. தொலைபேசி எத்தனை முறை அடித்தாலும், அழைப்பு வராத இரவுகளில் அவர் தம் சொந்தக் கட்டிலில் தூங்கினார்.

பஃபலோவிலிருந்து, அடிக்கடி பயணம் செய்பவர்

சகோதரி தூக்கத்தைக் குறிப்பிட்டதால் இதை எழுதுகிறேன். 2009 பிப்ரவரி 12 அன்று இரவு, நுவர்க்கிலிருந்து எங்கள் ஊருக்கு வந்துகொண்டிருந்த கோல்கன் ஏர் 3407 விமானம் கிளாரன்ஸ் சென்டரில் ஒரு வீட்டின்மேல் விழுந்து, விமானத்திலிருந்த 49 பேரும் அந்த வீட்டில் ஒருவரும் இறந்தார்கள். கேப்டனின் வீடு ஃபுளோரிடாவில்; துணை விமானி சியாட்டிலிலிருந்து மெம்ஃபிஸ் வழியாக இரவு முழுவதும் சரக்கு விமானங்களில் ஏறி வந்தவர். இருவருக்கும் பணித்தளம் நுவர்க். வேகம் குறைந்ததற்கான எச்சரிக்கை எழுந்தபோது கேப்டன் செய்ய வேண்டியதற்கு நேர்மாறாகச் செயல்பட்டதையே விபத்துக்கான காரணமாக தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் குறிப்பிட்டது. களைப்பு இருவருடைய செயல்திறனையும் பாதித்திருக்கக்கூடும் என்று சொன்ன வாரியம், எந்த அளவுக்கு என்று உறுதியாகச் சொல்ல இயலவில்லை என்றும் எழுதியது. நுவர்க்கைத் தளமாகக் கொண்ட அந்நிறுவன விமானிகளில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினர் வெளியூரிலிருந்து வந்துபோனவர்கள் என்பதும் விசாரணையில் தெரிந்தது.

இறந்தவர்களின் குடும்பத்தினர் விடாமல் போராடியதால் 2010இல் சட்டம் வந்தது. துணை விமானிகளுக்கும் பொதுவாக 1,500 மணி நேரப் பறப்பு அனுபவம் வேண்டும் என்ற விதி 2013இலும், பணிக்கு முன் குறைந்தது பத்து மணி நேர ஓய்வு, அதில் எட்டு மணி நேரம் தூங்க வாய்ப்பு என்ற விதி 2014 ஜனவரியிலும் நடைமுறைக்கு வந்தன. சிகாகோவில் நான் ஏறிய விமானத்தில் என் பக்கத்து இருக்கையில் சீருடையுடன் உட்கார்ந்திருந்த ஒரு வட்டார விமானியிடம் இதைச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை, ஆனால் வீட்டிலிருந்து தளத்துக்கு வரும் பயணம் இன்றும் பணிநேரக் கணக்கில் சேர்வதில்லை என்பதை நினைவூட்டினார். தகுதியான நிலையில் பணிக்கு வருவது விமானியின் கடமை என்று விதி சொல்கிறது, எப்படி வருவது என்பதை அவரிடமே விட்டுவிடுகிறது. அன்று அவரும் பணி முடித்தல்ல, பணிக்காகத்தான் அந்த விமானத்தில் வந்துகொண்டிருந்தார்.

டல்லாஸிலிருந்து, பணியாளர் திட்டமிடல் துறையில் இருந்தவர்

விமானிகளின் நலனுக்காகத் தளம் திறக்கிறோம் என்று எந்த நிறுவனமும் அறிவிப்பில் எழுதும். நான் அந்தக் கணக்குகளைப் போட்டவன். அதனால் கொஞ்சம் வெளிப்படையாகவே சொல்கிறேன். வட்டார நிறுவனம் பெரும்பாலும் தன் விருப்பப்படி பறப்பதில்லை. பெரிய நிறுவனம் அட்டவணையைத் தீர்மானித்து, விமானத்தையும் பணியாளரையும் ஒப்பந்த அடிப்படையில் மொத்தமாக வாங்கிக்கொள்கிறது. ஒரு நகரத்திலிருந்து அதிகாலையில் பல விமானங்கள் கிளம்புமாறு அட்டவணை மாறினால், அத்தனை பணியாளரையும் முந்தைய இரவே அங்கே கொண்டுபோய் விடுதியில் தங்கவைக்க வேண்டும். அவர்கள் பயணிகளாக வந்து சேரும் இருக்கைகளும் விற்க முடியாத இருக்கைகள் ஆகிவிடும். விடுதிச் செலவும் இந்த வெற்றுப் பயணங்களும் ஓர் எல்லையைத் தாண்டும்போதுதான் அங்கே தளம் திறக்கும் பேச்சு எழும்.

எதிர்க்கணக்கும் உண்டு. நூறு பேர் உள்ள தளத்தில் இருவர் நோயுற்றால் சமாளிக்கலாம். பத்துப் பேர் உள்ள தளத்தில் அது முடியாது. சின்னத் தளத்துக்கு விகிதத்தில் அதிகக் காத்திருப்பு விமானிகள் தேவைப்படுவார்கள். அவர்கள் பறந்தாலும் பறக்காவிட்டாலும் மாதாந்தரக் குறைந்தபட்ச ஊதியம் கொடுத்தாக வேண்டும். இதனால்தான் விமானிகள் கையெழுத்திட்டுக் கேட்கும் பல நகரங்களுக்குத் தளம் வருவதே இல்லை.

2022க்குப் பிறகு வேறொரு காரணமும் சேர்ந்தது. அந்த ஆண்டு அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனத்துக்குச் சொந்தமான மூன்று வட்டார நிறுவனங்களும் புதிய துணை விமானியின் ஊதியத்தை மணிக்கு 90 டாலராக உயர்த்தின, மற்றவையும் ஏறத்தாழ அதே உயரத்துக்கு வந்தன. சம்பளம் எங்கும் ஒன்றுபோல் ஆனபின், வேலைக்கு வருபவர் முதலில் கேட்கும் கேள்வி தளம் எங்கே என்பதாகிவிட்டது. அதனால் சில தளங்கள் ஆள் பிடிக்கும் தூண்டிலாகவே திறக்கப்பட்டன. எனக்கு அதில் உடன்பாடு இருந்ததில்லை, ஏனென்றால் பறப்பதற்கு அட்டவணை இல்லாத தளம் நீடிக்காது.

ஃபீனிக்ஸிலிருந்து, இளம் துணை விமானி

நீடிக்காத தளத்துக்கு நான் சாட்சி. புதிய தளம் என்று நம்பி வாடகை வீட்டை விட்டு, அந்த ஊரிலேயே வீடு வாங்கிய ஒரு கேப்டனோடு பயிற்சிக் காலத்தில் பறந்தேன். பெரிய நிறுவனம் அந்த ஊரின் பயணங்களை வேறொரு வட்டார நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டது. தளம் மூடப்பட்டு, அவர் வேறிடத்துக்கு மாற்றப்பட்டார். வீட்டை விற்க மனமில்லாமல், வெளியூரிலிருந்து வந்துபோகும் வாழ்க்கைக்கே திரும்பினார். அவருடையது குறைந்த இழப்பு என்றுதான் சொல்வேன். 2020 ஏப்ரலில் டிரான்ஸ் ஸ்டேட்ஸ், காம்பஸ் ஆகிய இரண்டு வட்டார நிறுவனங்கள் தளத்தை மட்டுமல்ல, தங்களையே மூடிக்கொண்டன. அங்கிருந்தவர்களின் பணிமூப்பு எண் அன்றோடு போயிற்று. வேறு நிறுவனத்தில் சேர்ந்தவர்கள் பட்டியலின் கடைசியிலிருந்து தொடங்கினார்கள்.

சேரப் போகிறவர்கள் நேர்காணலில் கேட்க வேண்டியவற்றை அந்தக் கேப்டன் எனக்குச் சொல்லித்தந்தார். புதிய தளத்தில் எத்தனை நிலையான அட்டவணைகள் இருக்கும், இரவில் எத்தனை விமானங்கள் அங்கே நிறுத்தப்படும், பெரிய நிறுவனத்துடனான ஒப்பந்தம் எந்த ஆண்டு முடிகிறது, தளம் மூடினால் இடமாற்றச் செலவை நிறுவனம் ஏற்கும் என்று தொழிற்சங்க ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா, வந்துசேர முடியாதபடி எல்லா விமானங்களும் நிரம்பிவிட்டால் தண்டனையில்லை என்ற பிரிவு உண்டா. எனக்குப் பதில் சொன்ன ஆள்சேர்ப்பு அலுவலர் முதல் இரண்டு கேள்விகளுக்குத் தயங்காமல் எண்களைச் சொன்னார். ஒப்பந்தம் முடியும் ஆண்டைக் கேட்டபோது, அதை நிதிப் பிரிவில்தான் விசாரிக்க வேண்டும் என்றார். நான் வீடு வாங்காமல் வாடகையிலேயே இருக்கிறேன்.