சாலமன் சுரங்கம்: காளைக்குக் கணக்கு இருக்கிறது, கட்டியவனுக்கு இல்லை

குறிஞ்சிக்காடன்:
ரைடர் ஹாகர்டின் ‘கிங் சாலமன்ஸ் மைன்ஸ்’ (1885) காலாவதியான காலனியச் சரக்கு, தமிழில் சாகச நாவல் எழுத வருகிறவர்கள் அதைத் தொடவே வேண்டாம் என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். நான் நேர் எதிர்க்கட்சி. வரைபடம், பாலைவனம், மலைக்கு அப்பால் யாரும் அறியாத நாடு, குகைக்குள் புதையல் என்ற ‘தொலைந்த உலக’ச் சட்டகம் இன்று வரை ஓடுகிறதென்றால் அதை வார்த்துக் கொடுத்தது இந்தப் புத்தகம்தான். தொழில் கற்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

பயணம் கிளம்பும் அத்தியாயத்தைப் பாருங்கள். கதை சொல்லும் வேட்டைக்காரர் குவாட்டர்மெயின் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மாட்டு வண்டி வாங்குகிறார். 22 அடி நீளம், இரும்பு அச்சு, 125 பவுண்ட், ஏற்கெனவே ஒரு முறை வைரச் சுரங்கம் வரை போய் வந்த பழைய வண்டி. வழக்கமாகப் பூட்டுவது 16 காளை. இவர் 20 வாங்குகிறார். அந்தக் காளைகளுக்கு நுரையீரல் நோய் வராமலிருக்கச் செய்த வைத்தியத்தையும் சொல்கிறார்: வாலைக் கீறி, அந்த நோயில் செத்த மாட்டின் நுரையீரல் துண்டு ஒன்றை அதில் வைத்துக் கட்டுவது. மாட்டுக்கு நோய் லேசாக வந்து போகும், வால் அடியிலிருந்து ஓர் அடி விட்டு அறுந்து விழும், பிறகு அந்த நோய் அண்டாது. இது கற்பனை இல்லை, அந்தக் காலத்தில் நிஜமாகவே செய்த தடுப்பு முறை.

வழியில் இன்யாட்டி என்ற ஊருக்குப் போய்ச் சேரும்போது மிச்சம் 12 காளை. எட்டு எப்படிப் போயின? நாகம் தீண்டி ஒன்று, தீனியும் தண்ணீரும் இல்லாமல் மூன்று, வழி தவறி ஒன்று, ‘டியூலிப்’ என்ற நச்சுப் பூண்டைத் தின்று மூன்று. கூட்டிப் பாருங்கள், எட்டு. அதற்கு மேல் ட்செட்ஸே ஈ இருக்கும் நாடு, மாடு பிழைக்காது, எனவே வண்டியை அங்கேயே விட்டுவிட்டு நடை. அந்த ஈ கடத்தும் கிருமியை டேவிட் புரூஸ் ஜூலுலாந்தில் கண்டுபிடித்தது 1895இல். நாவல் அதற்குப் பத்து வருடம் முந்தியது.

இப்படி மாட்டுக் கணக்கு ஒப்பிக்கிற ஆள் பிறகு ‘மலைக்கு அப்பால் ஒரு நாடு’ என்றால் வாசகன் நம்பாமல் என்ன செய்வான்?

செங்கல்மேடு:
உங்கள் கடைசி வரியே என் வழக்கு. மாட்டுக் கணக்கு சரியாக இருந்ததால் நம்பினான். எதை நம்பினான் என்று பார்ப்போம்.

மலையைத் தாண்டியதும் பாறையைக் குடைந்து போட்ட பெரிய ராஜபாட்டை. அதன் முடிவில் மலையளவு மூன்று கற்சிலைகள். யார் செய்தது என்று கேட்டால் அந்த நாட்டுக் குகுவானா மக்களுக்கே தெரியாதாம். குவாட்டர்மெயின், சர் ஹென்றி, குட் என்ற வெள்ளைக்காரர் மூவர் நின்று யோசித்து, பைபிளில் வரும் அஷ்தரோத், கேமோஷ், மில்கோம் தெய்வங்களாக இருக்கலாம், சாலமன் காலத்தில் வந்தவர்கள் செதுக்கியிருக்கலாம் என்று முடிவு கட்டுகிறார்கள். அந்த மண்ணில் வாழ்கிறவனுக்குக் காவல்காரன் வேலை மட்டும்தான்.

இது வானத்திலிருந்து வந்த கற்பனை இல்லை. 1871இல் ஜெர்மானியப் பயணி கார்ல் மாவ்ச், இன்றைய ஜிம்பாப்வே நாட்டில் இருக்கும் கிரேட் ஜிம்பாப்வே என்ற கற்கட்டடப் பாழிடத்துக்குப் போனார். வாசல் உத்தரத்தில் ஒரு சிராய் வெட்டி, கையிலிருந்த பென்சில் கட்டையோடு ஒப்பிட்டார். நிறமும் மணமும் ஒத்துப்போனதாம். ஆகவே லெபனான் தேவதாரு, ஆகவே ஷேபா ராணியின் மாளிகை! அது உள்ளூரிலேயே வளரும் தம்போட்டி மரம். 1905இல் தொல்லியலாளர் ராண்டல்-மக்கைவர் தோண்டி, அதே அடுக்குகளில் கிடைத்த சீனப் பீங்கான் முதலிய இறக்குமதிப் பொருள்களை வைத்து, இது இடைக்காலத்தில் ஆப்பிரிக்கர்களே கட்டியது என்றார். 1929இல் கெர்ட்ரூட் கேட்டன்-தாம்சன் அதை உறுதி செய்தார். இன்றைக்கு ஷோனா மக்களின் முன்னோர் 11 முதல் 15ஆம் நூற்றாண்டு வரை எழுப்பியது என்பதில் தொல்லியலாளர்களிடம் சண்டை இல்லை.

ஆனால் அதற்குள் எவ்வளவு சேதம்! 1902இல் பாதுகாவலராக வந்த ரிச்சர்ட் ஹால், ‘காஃபிர் குப்பை’யை (காஃபிர் என்பது அங்கே கறுப்பரைக் குறித்த வசைச் சொல்) அகற்றுகிறேன் என்று பல அடி மண்ணடுக்கை வாரி வெளியே கொட்டினார். கட்டியவர்களின் சட்டியும் சாம்பலும் அந்தக் குப்பையில்தான் இருந்தன.

பஞ்சாங்கம்:
விவரம் சரி, விவரம் சரி என்கிறீர்களே, கிரகணத்தை மறந்துவிட்டீர்களா?

குட் கையில் பஞ்சாங்கம் வைத்திருப்பார். அதில் ஜூன் 4 கிரகணம் என்று பார்த்து, ‘சூரியனை அணைக்கிறோம்’ என்று மன்னன் ட்வாலாவை மிரட்டுவார்கள். முதல் பதிப்பில் அது சூரிய கிரகணம். அதற்கு முந்தின இரவு சூனியக்காரரைத் தேடிக் கொல்லும் காட்சி, முழுக்க நிலா வெளிச்சத்தில் நடக்கிறது. சூரிய கிரகணம் அமாவாசையில் மட்டும்தான் வரும். அதற்கு முந்தின ராத்திரி நிலா விடியும் நேரத்துக்குத்தான் கீற்றாக எழும். அந்த வெளிச்சத்தில் ஆயிரக்கணக்கான படையை எண்ணுவதெங்கே!

இன்னொன்று, இருட்டின் நேரம். ஒரு மணி நேரத்துக்கு மேல் இருட்டிலேயே நடந்து தப்பிக்கிறார்கள். முழுச் சூரிய கிரகணத்தின் இருட்டு எந்த ஊரிலும் ஏழரை நிமிஷத்தைத் தாண்டாது. பிறகு வந்த பதிப்புகளில் ஹாகர்ட் இதைச் சந்திர கிரகணமாக மாற்றினார். அதில் முழு மறைப்பே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் நீடிக்கலாம், பௌர்ணமியும் பொருந்திவிடும். கையில் பழைய பதிப்பின் மறு அச்சு கிடைத்தால் எந்தக் கிரகணம் என்று முதலில் பாருங்கள், எந்தப் பாடம் என்று தெரிந்துவிடும்.

குறிஞ்சிக்காடன்:
பஞ்சாங்கம் ஐயா, திருத்தினார் என்பதே என் பக்கத்துக்குச் சாதகம். கதையில் வரும் ஒரு பகல் காட்சியை இரவாக மாற்றுவது சின்ன வேலையா? வானத்தில் இருப்பது தப்பாக இருக்கக் கூடாது என்று கவலைப்பட்ட ஆசிரியர்.

செங்கல்மேடு, மாவ்ச் செய்த தப்புக்கு நாவலாசிரியரைக் கூண்டில் ஏற்றுகிறீர்கள். 1885இல் படித்தவர்கள் பேசிக்கொண்டதை அவர் கதையில் வைத்தார். ஸ்டீவன்சனின் ‘ட்ரெஷர் ஐலண்ட்’ போல ஒன்று உன்னால் எழுத முடியாது என்று சகோதரர் ஐந்து ஷில்லிங் பந்தயம் கட்ட, ஆறு வாரத்தில் எழுதின புத்தகம். அகழாய்வு அறிக்கை அல்ல.

நெடுவழி:
இரண்டு பேருக்கும் நடுவில் வருகிறேன். ‘விவரம் சரி’ என்பதே பாதிதான். வண்டி, மாடு, துப்பாக்கி வரை சரி. ஹாகர்ட் 1875இல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போய் அரசாங்க வேலையில் இருந்தவர், இதெல்லாம் கண்ணால் கண்டது. தண்ணீர்க் கணக்கில் வழுக்குகிறார்.

துப்பாக்கியிலிருந்து தொடங்குகிறேன். யானைக்கு மூன்று இரட்டைக் குழல் எட்டு-போர், ஒவ்வொன்றும் சுமார் 15 பவுண்ட் எடை, 11 டிராம் கருமருந்து. எட்டு-போர் என்றால் ஒரு பவுண்ட் ஈயத்தில் எட்டுக் குண்டு, அதாவது ஒரு குண்டு கிட்டத்தட்ட 57 கிராம். மருந்து 19.5 கிராம். 6.8 கிலோ எடை ஆடம்பரத்துக்கு இல்லை. இலேசான துப்பாக்கியில் இந்த மருந்தை வைத்தால் தோள்பட்டை கழன்றுவிடும். முதல் குண்டு தவறினால் மறுபடி நிரப்ப நேரம் கிடைக்காது, அதனால்தான் இரட்டைக் குழல். பாலைவனம் கடக்கும்போது இந்தப் பெரிய துப்பாக்கிகளை விட்டுவிட்டுப் போகிறார்கள். அதுவும் சரியான முடிவு.

இப்போது தண்ணீர். ஐந்து பேர், ஆளுக்கு நாலு பைன்ட் புட்டி ஒன்று, அதாவது 2.3 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. முதல் 20 மைலுக்கு மூன்று உள்ளூர்க்காரர்கள் ஆளுக்கு ஒரு காலன் சுரைக்குடுவை சுமந்து வருகிறார்கள், கூலி ஆளுக்கு ஒரு வேட்டைக் கத்தி. அதில் புட்டியை நிரப்பிக்கொண்டு, 1590இல் செத்துப்போன போர்த்துகீசியன் ரத்தத்தால் எழுதிய வரைபடத்தில் குறித்த குட்டையை நம்பிப் போகிறார்கள். இரவில் நடப்பது சரி. ஆனால் பகலில் நிழலில் படுத்திருந்தாலே அந்தச் சூட்டில் ஒரு மனிதனுக்குப் பல லிட்டர் வேண்டும். மணலில் இரண்டு அடி ஆழம் தோண்டி மேலே செடியைப் போட்டு மூடி நாலு பேர் அதற்குள் படுக்கிறார்கள். காற்று போக இடைவெளி இல்லாமல் மூடினால் குழி சூளையாகிவிடும். அவரே அப்படித்தான் வர்ணிக்கிறார், ஆனாலும் அன்று பிற்பகலிலேயே எழுந்து நடக்க வைக்கிறார்.

பெரிய வேடிக்கை இடம்தான். பாலைவனம் தொடங்குவது லுகாங்கா ஆற்றுப் பக்கம். இன்றைய ஜாம்பியாவில் லுகாங்கா என்றாலே சதுப்பு நிலம்!

மழைக்காகிதம்:
இவ்வளவு கணக்குப் போட்டுப் படித்தால் நீங்கள் எல்லாம் அம்புலிமாமாவையும் விட்டிருக்க மாட்டீர்கள்.

குறிஞ்சிக்காடன்:
நெடுவழி, ஊர் மாறினால் என்ன, பாறை மாறவில்லை. புதையல் குகைக்கு முன்னால் பெரிய பள்ளம் வருகிறது. குவாட்டர்மெயின் ஓரத்தில் தெரியும் கெட்டியான நீலக் களியைக் காட்டி, தென்னாப்பிரிக்க வைரச் சுரங்க ஊரான கிம்பர்லியில் பார்த்த அதே மண் என்கிறார். வைரம் பிடிக்கும் பாறை மேலே மஞ்சளாக உதிர்ந்திருக்கும், கீழே நீலமாக இறுகியிருக்கும். 1871க்குப் பிறகு கிம்பர்லியில் தோண்டியவர்கள் பாடுபட்டுக் கற்ற விஷயம். பெட்டியைத் திறந்ததும் சில கற்கள் மஞ்சள் சாயலாக இருக்கின்றன, சந்தையில் அதற்கு மதிப்புக் குறைவு என்பதையும் விடாமல் சொல்கிறார். புதையல் காட்சியில் கல்லைத் தரம் பிரிக்கிற எழுத்தாளர் வேறு யார்?

அடைபட்ட அறையிலிருந்து தப்புவதும் அப்படித்தான். கதவுப் பாறை இறங்கி, வழிகாட்டி வந்த சூனியக் கிழவி ககூல் நசுங்கிச் செத்தாயிற்று. மணிக்கணக்காக இருந்தும் காற்று கெடவில்லையே என்று குவாட்டர்மெயின் கவனிக்கிறார். காற்று வரும் மூலையைத் தடவினால் தரைக்கல்லில் கல் வளையம். கைக்குட்டையைக் கோத்து எல்லோரும் சேர்ந்து இழுக்கிறார்கள். அதிசயம், மந்திரம், தெய்வச் செயல் எதுவும் கிடையாது.

நெடுவழி:
தரம் சரி, அளவு? கிம்பர்லி பெரும்பள்ளத்தில் 1914 வரை சுமார் 2.25 கோடி டன் மண் வாரி எடுத்தது ஏறக்குறைய 1.45 கோடி காரட். ஒரு டன்னுக்கு முக்கால் காரட்கூட இல்லை. கதையில் மூன்று கற்பெட்டி. இரண்டு நிறைய, மூன்றாவது கால்வாசி, ஆனால் அதில் எதுவும் 20 காரட்டுக்குக் குறையாத பொறுக்கியெடுத்த கல். ஒரு பெட்டியில் 100 கிலோ என்று வைத்தாலே ஐந்து லட்சம் காரட், ஏழரை லட்சம் டன்னுக்கு மேல் பாறை உடைக்க வேண்டும். உடைத்தவன் யார், எங்கே தங்கினான், என்ன தின்றான், உடைத்த கல்லை எங்கே கொட்டினான்? ஒரு வரி இல்லை.

செங்கல்மேடு:
நன்றி நெடுவழி, அதுதான் கேள்வி. நாகம் தீண்டிச் செத்த காளைக்குக் கணக்கு இருக்கிறது, சுரங்கம் வெட்டியவனுக்கு இல்லை.

ஒரு புத்தகத்தோடு நின்றிருந்தால் பந்தயம் என்று விட்டிருப்பேன். 1887இல் வந்த ‘ஆலன் குவாட்டர்மெயின்’ ஆப்பிரிக்காவின் நடுவில் சூ-வெண்டி என்று ஒரு வெள்ளை இனத்தையே குடியமர்த்துகிறது. ‘ஷீ’ என்ற இன்னொரு ஹாகர்ட் நாவலில் கோர் என்னும் அழிந்த நகரம், அதன் இடிபாட்டில் ஆளும் ராணி அயேஷா அரபு வம்சத்து வெள்ளைத்தோல்காரி, சுற்றியிருக்கும் மக்கள் அவளுக்கு அடிமை. கல் என்றால் வெளியாள், குடிசை என்றால் உள்ளூர்க்காரன் என்ற வாய்ப்பாடு.

‘நாவலாசிரியர்தானே’ என்கிறீர்கள். 1896இல் வில்மட் எழுதிய ‘மோனோமோடாபா’ என்ற வரலாற்று நூலுக்கு முன்னுரை எழுதிக் கொடுத்ததும் இதே ஹாகர்ட்தான். அதில் கிரேட் ஜிம்பாப்வே, மத்தியதரைக் கடலோரத்துப் பழைய வணிக இனமான ஃபினீஷியர் கட்டியது என்ற கட்சியை ஆதரிக்கிறார். அது கதை இல்லையே?

குறிஞ்சிக்காடன்:
முன்னுரைக்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. நாவலைப் பேசுவோம். முடிவில் அரியணை ஏறும் இக்னோசி என்ன சொல்கிறான்? இனி எந்த வெள்ளையனும் மலையைத் தாண்டக் கூடாது, துப்பாக்கியும் சாராயமும் விற்கும் வியாபாரி வேண்டாம், பாதிரியும் வேண்டாம். காலனி விற்பனைப் பிரசுரம் இப்படியா முடியும்? முதல் அத்தியாயத்தில் குவாட்டர்மெயின் கறுப்பரைக் குறிக்கும் வசைச் சொல்லை எழுதிவிட்டு, ‘இல்லை, அந்தச் சொல்லை அடித்துவிடுகிறேன், எனக்குப் பிடிக்காது’ என்கிறாரே, அதையும் சேர்த்துப் படியுங்கள்.

செங்கல்மேடு:
படித்தேன். அதே குவாட்டர்மெயின், குட் மீது காதல் கொண்ட குகுவானாப் பெண் ஃபூலாட்டா செத்ததும், அவள் போனது நல்லதாயிற்று, இல்லாவிட்டால் சிக்கல் வந்திருக்கும் என்று எழுதுவதையும் படித்தேன். இக்னோசி கதவைச் சாத்துகிறான், வைரம் ஏற்கெனவே குவாட்டர்மெயின் சட்டைப்பையில் லண்டன் போய்விட்டது.

தொழில் கற்க வேண்டும் என்றால் கற்கட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. வண்டி வாங்கும் அத்தியாயத்தை எழுதிய அதே கையால் சுவர் கட்டும் அத்தியாயத்தை எழுதச் சொல்லுங்கள். ஜிம்பாப்வே நாட்டில் கருங்கல் குன்றுகள் வெயிலிலும் குளிரிலும் வெங்காயத் தோல் போல அடுக்கடுக்காக உரியும். அதன் மேல் தீ மூட்டி, காய்ந்ததும் தண்ணீர் ஊற்றினால் பலகை பலகையாகப் பிளக்கும். தட்டிச் சதுரித்து, சாந்து இல்லாமல், மேலே போகப் போக உள்ளே சாய்த்து அடுக்குவார்கள். கிரேட் ஜிம்பாப்வேயின் பெரிய வளாகத்து வெளிச்சுவர் இப்படி ஏறத்தாழ 250 மீட்டர் சுற்றி, சில இடங்களில் 11 மீட்டர் உயரம் நிற்கிறது. விறகு எவ்வளவு, தண்ணீர் எங்கிருந்து, பிளக்காத கல்லை என்ன செய்தார்கள்? இருபது காளையைவிடச் சுவையான கணக்கு.

குறிஞ்சிக்காடன்:
அருமைதான். ஆனால் இதில் சாகசம் எங்கே, புதையல் எங்கே? கொத்தனார் கையேட்டை எவன் விடிய விடியப் படிப்பான்?

செங்கல்மேடு:
புதையலும் நிஜமாகவே இருந்தது. டானாங்கோம்பே போன்ற பாழிடங்களில் செத்தவர்களைத் தங்க மணியும் காப்புமாகப் புதைத்திருந்தார்கள். 1895இல் ‘ரொடீஷியா ஏன்ஷியன்ட் ருயின்ஸ்’ என்று ஒரு கம்பெனியே பதிவு செய்து, உரிமம் வாங்கி, கல்லறை கல்லறையாகத் தோண்டி, கிடைத்ததில் பெரும்பகுதியை உருக்கிவிட்டார்கள். கிரேட் ஜிம்பாப்வே மட்டும் அந்த உரிமத்தில் சேர்க்கப்படவில்லை. 1900இல் கம்பெனி மூடப்பட்டது. கையில் வரைபடத்தோடு வருகிற வெள்ளைக்காரர் மூவரும் அந்தக் கம்பெனி ஆட்களாக இருக்கட்டும். உள்ளூர்க் கொத்தன் வம்சத்துப் பெண் ஒருத்தி அவர்களுக்கு வழிகாட்டியாகப் போகட்டும். எந்தக் கல்லை உருவினால் எந்தச் சுவர் சாயும் என்று அவளுக்கு மட்டும் தெரியும்.

நெடுவழி:
தண்ணீர் ஆளுக்கு ஐந்து லிட்டராவது கொடுத்து அனுப்புங்கள்.