பொருள்: மின்வெட்டில் சேமிப்பகம் ‘கிரேஸ்ஃபுல் ஷட்டவுன்’ ஆவதற்குத் தமிழ்ச்சொல்

அன்புள்ள குழுவினருக்கு,

வீட்டுப் பிணையச் சேமிப்பகத்துக்கான (வீட்டுக் கணினிகள் பிணையம் வழியே கோப்புகளைப் பகிர்ந்து வைக்கும் வட்டுப்பெட்டி) கட்டற்ற மென்பொருள் ஒன்றின் இடைமுகத்தைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளி மாலைக்குள் கோப்பை ஒப்படைக்க வேண்டும். மின்வெட்டுப் பக்கத்தில் சிக்கி நிற்கிறேன்.

யுபிஎஸ் சிக்கலில்லை, ‘தடையில்லா மின்வழங்கி’ பழகிவிட்டது. கேள்வி ‘கிரேஸ்ஃபுல் ஷட்டவுன்’ பற்றியது. மின்சாரம் போனதும் யுபிஎஸ் பேட்டரிக்கு மாறி, யுஎஸ்பி கம்பி வழியே சேமிப்பகத்துக்குச் செய்தி சொல்கிறது. பேட்டரி தீரப்போகிறது என்றால் சேமிப்பகம் பகிர்வுகளை மூடி, நினைவகத்தில் தேங்கிய தரவை வட்டில் எழுதி முடித்து, கோப்பு முறைமையை விடுவித்துவிட்டுத் தானே நின்றுகொள்கிறது. இதே பக்கத்தில் வெறும் ‘ஷட்டவுன்’ உண்டு, ‘ஃபோர்ஸ்டு ஷட்டவுன்’ உண்டு. மூன்றுக்கும் மூன்று சொல் தேவை. முன்பு யாரோ ‘நயமான நிறுத்தம்’ என்று போட்டிருக்கிறார்கள். அதைப் படிப்பவருக்கு ஒன்றுமே விளங்காது.

க.மு.

மறுமொழி 1

க.மு. அவர்களுக்கு, சொல் நம்மிடமே இருக்கிறது. புறநானூறு 191-இல் பிசிராந்தையார் ‘ஆன்றவிந்து அடங்கிய கொள்கைச் சான்றோர்’ என்கிறார். ஆன்று என்றால் நிறைந்து, அவிந்து என்றால் தணிந்து, பிறகு அடங்கி. நீங்கள் விவரித்த வரிசை அப்படியே இருக்கிறது: எழுத வேண்டியதை எழுதி நிறைத்து, ஓட்டம் தணிந்து, அடங்குவது. ‘அவிந்தடங்கல்’ என்று வையுங்கள். வேர் தமிழ், பொருள் துல்லியம். பழகினால் எல்லாம் புரியும். ‘கணினி’யும் ஒருநாள் புதுச்சொல்தான்.

செ.

மறுமொழி 2

ஐயா, பழைய உரை அவ்விடத்து ‘அவிந்து’ என்பதைப் பெரியோரிடம் பணிதல் என்றே கொள்கிறது, தணிதல் அன்று. அதை விடுங்கள். இன்று ‘அவி’ என்றால் அடுப்படி நினைவுதான் வரும். ‘அடக்கம்’ என்றால் இடுகாடு. ‘உங்கள் சேமிப்பகம் அடங்கியது’ என்று திரையில் கண்டால் வட்டு செத்துவிட்டதென்று பதறுவார்கள்.

இலக்கணச் சிக்கலும் உண்டு. அடங்கு தன்வினை, அடக்கு பிறவினை. திருந்து, திருத்து போல. கருவி தானே நிற்கும்போது ‘அடங்கல்’ சரி. ஆனால் பொத்தானில் ‘அடக்கு’ என்று எழுத வேண்டிவரும். அது ஒடுக்குவது போல ஒலிக்கிறது.

என் முன்மொழிவு ‘அமர்த்து’. நம் வீடுகளில் விளக்கை ‘அணை’ என்று சொல்ல மனம் வராமல் ‘அமர்த்து’, ‘குளிர வை’, ‘மலையேற்று’ என்பார்கள். நன்னூல் தகுதி வழக்கில் சொல்லும் மங்கலம், அதாவது அமங்கலத்தை மங்கலச் சொல்லால் குறிப்பது, இதுதான். சட்டென்று ஊதி அணைக்காமல் மரியாதையோடு நிறுத்துவது என்ற பொருள் ‘அமர்த்து’வில் ஏற்கெனவே இருக்கிறது.

தே.

மறுமொழி 3

தே. அம்மா சொன்ன ‘அமர்த்து’ அழகு. ஈழத்தில் நாங்கள் விளக்கை ‘நூர்’ என்போம், ‘நூர்ந்து போச்சு’ என்போம். அதையும் பட்டியலில் சேருங்கள். தன்வினைக்கும் பிறவினைக்கும் இடையே தடுமாற்றம் இல்லை, ஓரசைச் சொல், பொத்தானில் கச்சிதமாக அடங்கும்.

ப.

மறுமொழி 4

நண்பர்களே, இப்படிப்பட்ட பெட்டிகளைப் பராமரிப்பது என் வேலை. இந்த வரியை யார், எப்போது படிப்பார் என்று யோசியுங்கள். வீடு இருட்டு, யுபிஎஸ் கத்திக்கொண்டிருக்கிறது, கையில் தொலைபேசி. அவருக்கு நன்னூல் நினைவுக்கு வராது. ‘அமர்த்து’ என்றால் ஆளை வேலைக்கு வைப்பது என்றுதான் எடுத்துக்கொள்வார், அல்லது மென்பொருளை நிறுவுவது என்று. ‘நூர்’ பாதிப் பேருக்குத் தெரியாது.

தவறாகப் புரிந்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்கிறேன். தரவையும் அதை மீட்க உதவும் சரிபார்ப்புத் துண்டுகளையும் பல வட்டுகளில் பிரித்து வைக்கும் முறை ரெய்டு 5. அதில் ஒரு வட்டில் தரவு எழுதி, இன்னொன்றில் அதற்கான சரிபார்ப்புத் துண்டை எழுதுமுன் மின் நின்றால் இரண்டும் பொருந்தாமல் போகும். அப்போதைக்கு ஒன்றும் தெரியாது. பிறகு ஒரு வட்டு பழுதாகி, மீதியிலிருந்து அதை மீட்டெடுக்கும்போதுதான் கோப்பு கெட்டது வெளிப்படும். யுபிஎஸ் வாங்கிவைத்தும் யுஎஸ்பி கம்பியைச் செருகாதவர்கள் நிறையப் பேர். பேட்டரி தீரும்வரை சேமிப்பகத்துக்கு ஒன்றும் தெரியாமல், கடைசியில் அதே மின்வெட்டுதான் நடக்கிறது, கொஞ்சம் தாமதமாக. ஈய அமில பேட்டரி பொதுவாக 3 முதல் 5 ஆண்டுகளில் வலுவிழக்கும் என்பதையும் யாரும் கவனிப்பதில்லை. ‘பாதுகாப்பாக நிறுத்து’ என்று எழுதிவிட்டு, கம்பியைச் செருகச் சொல்லும் குறிப்பை நன்றாகத் தமிழாக்குங்கள். அதுதான் தரவைக் காப்பாற்றும்.

இன்னொன்று. ‘ஃபோர்ஸ்டு ஷட்டவுன்’ என்று க.மு. கேட்டது ‘நெட்வொர்க் யுபிஎஸ் டூல்ஸ்’ கருவித்தொகுப்பிலிருந்து வந்தது என்றால், அது மின்னைப் பிடுங்குவது அன்று. ‘இனிக் காத்திருக்க முடியாது, எல்லோரும் நில்லுங்கள்’ என்ற ஆணை. அதைக் கேட்ட கணினிகளும் ஒழுங்காகக் கோப்புகளை மூடிவிட்டுத்தான் நிற்கும். ஆகவே ‘வலிந்து நிறுத்தல்’ என்று போட்டுவிடாதீர்கள்.

இ.

மறுமொழி 5

இ. சொன்ன கடைசிப் பத்தி மிக முக்கியம், நன்றி. ஆனால் ‘பாதுகாப்பாக’ முடியாது. இதே இடைமுகத்தில் ‘செக்யூரிட்டி’ பகுதிக்குப் ‘பாதுகாப்பு’ என்று ஏற்கெனவே போட்டாகிவிட்டது. கடவுச்சொல் சங்கதி என்று எண்ணுவார்கள்.

‘முறைப்படி நிறுத்து’ எப்படி? எல்லோருக்கும் புரியும். வெறும் ‘ஷட்டவுன்’ ‘நிறுத்து’; ‘ஃபோர்ஸ்டு’ என்பதற்குக் ‘கட்டாய நிறுத்த ஆணை’.

க.மு.

மறுமொழி 6

‘முறைப்படி’ சட்ட வாடை அடிக்கிறது, ஆனாலும் எதிர்க்கவில்லை. சொல்லடைவில் ‘அமர்த்து’ மாற்றுச்சொல்லாக இருக்கட்டும்.

தே.

மறுமொழி 7

எனக்கும் சரி. வெள்ளிக்கிழமை வருகிறது.

ப.

மறுமொழி 8

எனக்குச் சரியில்லை. ‘முறைப்படி நிறுத்து’ ஒரு விளக்கம், கலைச்சொல் அன்று. நாளை இதிலிருந்து பெயரடை, தொழிற்பெயர், எதிர்ச்சொல் எதையும் கிளைவிடச் செய்ய முடியாது. எளிமை வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் இரண்டு சொல், மூன்று சொல் என்று நீட்டிக்கொண்டே போனால் மொழிக்குள் புதுவேர் எதுவும் இறங்காது. பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், மறுப்பைப் பதிவு செய்க.

செ.

மறுமொழி 9

செ. ஐயாவின் மறுப்பையும் ‘அமர்த்து’வையும் சொல்லடைவில் குறித்துவிட்டேன். கோப்பில் ‘முறைப்படி நிறுத்து’ போகிறது.

அப்புறம் ஒரு கடைசிக் கேள்வி. ஒரே யுபிஎஸ்ஸைப் பல கணினிகள் நம்பியிருந்தால், கம்பி செருகியதை முன்பு ‘மாஸ்டர்’ என்றும் மற்றவற்றை ‘ஸ்லேவ்’ என்றும் அந்தக் கருவித்தொகுப்பு அழைத்தது. 2022-இல் வந்த 2.8.0 பதிப்பில் ‘பிரைமரி’, ‘செகண்டரி’ என்று மாற்றிவிட்டார்கள். ‘முதன்மை’, ‘துணை’ போடலாமா?

க.மு.

மறுமொழி 10

‘துணை’ என்றால் உதவுவது. அந்தக் கணினிகள் யாருக்கும் உதவவில்லை. பிணையம் வழியே செய்தி கேட்டு, முதலில் அவைதான் நிற்கின்றன. முதன்மைக் கணினி அவை நிற்கும்வரை காத்திருந்து பிறகு நிற்கிறது. ‘சார்பு’ என்பதே பொருந்தும். ரௌட்டரையும் யுபிஎஸ்ஸில் மாட்டச் சொல்லி அங்கே ஒரு வரி சேருங்கள், இல்லாவிட்டால் செய்தியே போய்ச் சேராது.

இ.

மறுமொழி 11

‘சார்பு’ கணிதத்தில் ‘ஃபங்ஷன்’. அதற்குத் தனி விவாத இழை தொடங்குங்கள்.

செ.