கார் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் முறுக்கப் போய் மாட்டிக்கொண்டவர்கள் உண்டா?

கரூர் பத்மினி:
அப்பாவின் 1978 பத்மினி கார். பிளக் நாலும் புதுசு. மூன்று ஒழுங்காகப் போனது, நாலாவது கையால் இரண்டு சுற்று விட்டதுமே இறுகிவிட்டது. அங்கேயே கழற்றிப் பார்த்திருக்க வேண்டும், ஸ்பேனரில் நீளக் கம்பியைக் கொடுத்து முறுக்கினேன், கனமாகப் போய்க்கொண்டே இருந்தது, திடீரென்று கை லேசாகிவிட்டது. கழற்றினால் பிளக்கோடு அலுமினியச் சுருள் வெள்ளிக் கம்பி மாதிரி சுற்றிக்கொண்டு வருகிறது. திண்ணையிலிருந்து அப்பா, "முடிஞ்சுதாடா?" என்றார். "ஆச்சுப்பா" என்றேன். எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றி லேத்தில் மரைக்கு இன்செர்ட் (புது மரை உள்ள உலோக வளையம்) போட்டதை இன்னும் அவரிடம் சொல்லவில்லை.

அம்பி 1489:
தம்பி, பத்மினி பியட் வண்டிதானே, அதற்கு அலுமினிய ஹெட், அதான். அம்பாசடருக்கு வார்ப்பிரும்பு, தாங்கும். எனக்கு நடந்தது நேர்மாறு. மரை போய்விடும் என்று பயந்து கையால் இறுக்கியதோடு விட்டுவிட்டேன், ஏற்காடு மலையில் பாதி வளைவு தாண்டியதும் புஸ் புஸ் என்று சத்தம், பானெட்டைத் திறந்தால் மூன்றாவது பிளக் விரலுக்கே சுற்றுகிறது. விரல் வெந்ததுதான் மிச்சம். லூஸ் பிளக் சூட்டை ஹெட்டுக்குக் கடத்தாது, தானே தணலாகி, ஸ்பார்க் வருவதற்கு முன்பே பெட்ரோலைப் பற்றவைக்கும், அப்படியே ஓட்டினால் பிஸ்டன் ஓட்டையாகும். அதனால் எஞ்சின் ஆறிய பிறகுதான் கை வைக்க வேண்டும், பிளக்கின் தலையில் ஒரு துண்டு ரப்பர் டியூபைச் செருகித் திருகுங்கள், மரை மாறி ஏறினால் டியூப் வழுக்கும், ஹெட் தப்பிக்கும். வாஷர் உட்கார்ந்த பிறகு புதுப் பிளக்குக்கு அரைச் சுற்றிலிருந்து முக்கால் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாக, பழைய பிளக்கையே திரும்பப் போட்டால் வாஷர் ஏற்கெனவே நசுங்கியிருக்கும், அதற்கு ஒரு சுற்றில் பன்னிரண்டில் ஒரு பங்கு போதும். வைத்த அளவுக்கு இறுகியதும் கிளிக் என்று சொல்லும் டார்க் ரெஞ்ச் இருந்தால் 14 மில்லிமீட்டர் பிளக்குக்கு அலுமினியத்தில் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், இரும்பில் 35 வரை.

பழைய இரும்பு:
அரைச் சுற்றுக் கணக்கு வாஷர் உள்ள பிளக்குக்குத்தான் சார். வாஷரே இல்லாத கூம்பு சீட் பிளக்கில் அரைச் சுற்று கொடுத்தால் திரும்பக் கழற்றவே முடியாது, அதற்கு ஒரு சுற்றில் பதினாறில் ஒரு பங்குதான். பொத்தாம்பொதுவாகச் சொல்லாதீர்கள். டார்க் ரெஞ்சையும் நம்பாதீர்கள். மரையில் காப்பர் கிரீஸ் தடவிவிட்டு, புத்தகத்தில் இருந்த அளவையே வைத்து முறுக்கினேன். கிரீஸில் வழுக்கி, ரெஞ்ச் காட்டுவதைவிட அதிகமாக இறுகும் என்று அப்போது தெரியாது. கிளிக் வரவே இல்லை, டக் என்று கழுத்து முறிந்து மரைப் பாகம் ஹெட்டுக்குள்ளேயே தங்கிவிட்டது.

அம்பி 1489:
பத்மினிக்குக் கூம்பு பிளக் எங்கே சார் வந்தது? முப்பது வருஷமாகக் கிரீஸ் தடவித்தான் போடுகிறேன், ஒன்றும் ஆகவில்லை.

பழைய இரும்பு:
கையால் இறுக்கி மலை ஏறினவர் சொல்கிறீர்கள், கேட்டுக்கொள்கிறேன்.

கரூர் பத்மினி:
நான் யோசனை கேட்கவே இல்லை அண்ணே, மனசுக்குள் உறுத்துகிறது, அதான் எழுதினேன். நேற்று அப்பா பானெட்டைத் திறந்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் நாலாவது பிளக்கைக் காட்டி, "இதைச் சுத்தி மட்டும் ஏன்டா பளபளன்னு இருக்கு?" என்றார்.