றெஜிபோம் மணி போட்ட பூச்சாடி: வெடிப்பும் விழுகிறது, மூலையும் உடைகிறது. உதவி தேவை

உப்புவெளிக்காரன்:
வணக்கம். திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளிப் பக்க ஹோட்டல்களுக்கு நீளப் பூச்சாடி வார்த்துக் கொடுக்கிறேன். மூன்றடி நீளம், சுவர் ஒன்றரை அங்குலம். மேல்மாடிக்கு ஏற்றுவதால் பாரம் குறைய வேண்டும், அதனால் கல்லுக்குப் பதில் றெஜிபோம் மணி (தேர்மோகோல் என்கிற வெள்ளை நுரையின் சிறு உருண்டைகள்). சீமெந்து 2 வாளி, மணல் 1, மணி 4. தண்ணீர் கைப்பதத்துக்கு. வள்ளம் திருத்துகிற பைபர் மட்டையும் (கண்ணாடி இழை விரிப்பு) நறுக்கிப் போடுகிறேன்.

வார்த்த அன்றே மேல் விளிம்பில் மயிர் போல வெடிப்பு. அச்சைக் கழற்றினால் உள்மூலையில் நேர்க்கோடாக இன்னொன்று. இடம் மாற்றும்போது மூலை 'டக்'கென்று போகிறது. சீமெந்தைக் கூட்டக் கூட்ட இது கூடுகிறதே, ஏன்?

தம்பலகாமம் மேசன்:
தம்பி, இப்போது கச்சான் அடிக்கிற நேரம். அந்தக் காய்ந்த காற்றில் பத்து மணிக்கு வார்த்தால் மத்தியானத்துக்குள் மேல்முகம் உலர்ந்து இழுக்கும். அன்றே விழும் வெடிப்புக்கு வேறு காரணம் தேட வேண்டாம். பின்னேரம் நிழலில் வாருங்கள், மட்டம் தட்டின கையோடு பொலித்தீன் போட்டு மூடுங்கள். அடுத்த நாளிலிருந்து ஈரச்சாக்கு, குறைந்தது ஏழு நாள். சாம்பல் போன்றவை சேர்த்த கலப்புச் சீமெந்து என்றால் இன்னும் சில நாள் சேர்த்து.

சாந்துக்கரண்டி:
மேசன் ஐயா சொன்னது மேல் வெடிப்புக்குச் சரி. மூலை விஷயம் கலவையில் இருக்கிறது.

காயும்போது சுருங்குவது சீமெந்துப் பசை. மணலும் கல்லும் சுருங்காமல் நின்று அதைப் பிடித்து வைக்கும். றெஜிபோம் மணிக்கு அந்த வலு இல்லை, அமுக்கினால் அமுங்கிவிடும். உங்கள் கலவையில் பிடித்து வைக்கிற பொருள் மணல் மட்டும்தான், அதைத்தான் குறைத்துப் போட்டிருக்கிறீர்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 50 கிலோ சீமெந்துப் பைக்கற் ஏறக்குறைய 35 லீற்றர். உங்கள் அளவில் ஒரு கன மீற்றருக்கு 500 கிலோ சீமெந்து போகிறது. வீட்டின் கொங்கிறீட் மேல்தளத்துக்கே 300, 350 கிலோதான் போடுவார்கள். இதையே சீமெந்து 1, மணல் ஒன்றரை, மணி 3 என்று மாற்றினால் சீமெந்து 380 அளவுக்கு இறங்கும். பாரம் கன மீற்றருக்கு 1100 கிலோவிலிருந்து 1200க்குத்தான் போகும். சாதாரணக் கொங்கிறீட் 2400. ஆக, பாரத்தில் பெரிய நட்டம் இல்லை, காசும் மிச்சம்.

உப்புவெளிக்காரன்:
நன்றி அண்ணா. சீமெந்து குறைந்தால் பலம் குறையாதா?

சாந்துக்கரண்டி:
தண்ணீரையும் சேர்த்துக் குறைத்தால் குறையாது. ஒரு பைக்கற்றுக்கு 20, 22 லீற்றர். ஈர மணலில் இருக்கிற தண்ணீரும் அதற்குள் அடக்கம். கைப்பதம் என்று ஊற்றினால் 30ஐத் தொட்டுவிடும். மிஞ்சுகிற தண்ணீர் காய்ந்து வெளியேறும்போது சுருக்கமும் கூடும், மணிகளும் மேலே மிதந்து வரும். கலவை இறுகலாக இருந்தால் பிளாஸ்ரிசைசர் (கலவையை இளக்குகிற மருந்து) சேருங்கள், தண்ணீர் வேண்டாம். முதலில் மணியைச் சீமெந்துக் குழம்பில் புரட்டி, அது ஒட்டின பிறகு மணலைப் போடுங்கள். அச்சின் பக்கத்தில் தட்டினால் போதும், கம்பியால் குத்திக்கொண்டே இருந்தால் மணி மேலே வந்துவிடும்.

பலமும் முறியாத தன்மையும் ஒன்றல்ல. கல் போட்ட கொங்கிறீட்டில் வெடிப்பு கல்லைச் சுற்றி வளைந்து போக வேண்டும், அதனால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். மணியைக் கண்டால் நேரே ஊடறுத்துப் போய்விடும். இடையில் உள்ள பசை கடினமாக இருந்தால் முறிவும் திடீரென்று வரும். அதற்காக மணியை 5, 6 பங்கு அள்ளிப் போடவும் வேண்டாம், விளிம்பு உதிரும்.

உள் அச்சு எதில்? எப்போது எடுக்கிறீர்கள்?

உப்புவெளிக்காரன்:
பலகைப் பெட்டி. இரண்டு நாள் கழித்து.

சாந்துக்கரண்டி:
அந்த நேர்க்கோட்டு வெடிப்பு அங்கேதான் பிறக்கிறது. ஜாடி சுருங்கப் பார்க்கிறது, பெட்டி விடவில்லை. கூர்மையான உள்மூலையில் இழுவை குவிந்து கிழிகிறது. பெட்டியைச் சுற்றி அரை அங்குல றெஜிபோம் தகடு ஒட்டுங்கள், அது அமுங்கிக் கொடுக்கும். மூலையை வளைவாக்குங்கள். இறுகினதும் உள் அச்சை மட்டும் முதலில் உருவுங்கள். வெளி அச்சு இருக்கட்டும்.

கொட்டியாரம்_நீர்:
அந்த பைபர் மட்டை விட்டுவிடுங்கள். வள்ளத்தில் அது றெசின் பசைக்குள் இருப்பதால் பிழைக்கிறது. சீமெந்தின் காரம் சாதாரணக் கண்ணாடி இழையைக் காலப்போக்கில் அரித்துவிடும். கண்ணாடிதான் வேண்டுமென்றால் காரத்தைத் தாங்கும் வகை தனியாக இருக்கிறது, இங்கே தேடி அலைய வேண்டும். 12 மில்லிமீற்றர் பொலிப்புரோப்பிலீன் என்கிற பிளாஸ்ரிக் இழை லேசாகக் கிடைக்கும், பைக்கற்றுக்கு 100, 120 கிராம். கழித்துப்போட்ட நைலோன் வலையை உப்புப் போக அலசி, விரலளவு நறுக்கியும் போடலாம், முடிச்சோடு இருந்தால் பிடிப்பு நல்லது. எந்த இழையும் சுருக்கத்தை நிறுத்தாது. வெடித்த பிறகு பிரியாமல் பிடித்து வைக்கும், அவ்வளவுதான்.

தம்பலகாமம் மேசன்:
கடல் மணல் பாவிக்கிறீர்களா? உள்ளே கோழிவலை வைத்தால் உப்பு அதைத் துருப்பிடிக்க வைத்து உள்ளிருந்தே வெடிக்கச் செய்யும். ஆற்று மணலே எடுங்கள்.

உப்புவெளிக்காரன்:
கிண்ணியாப் பக்கத்து ஆற்று மணல்தான், வலை வைப்பதில்லை. ஏற்கெனவே வெடித்த ஜாடிகளை என்ன செய்ய?

சாந்துக்கரண்டி:
தண்ணீர் நிரப்பி ஓர் இரவு விடுங்கள். வெளிப்பக்கம் கசியாவிட்டால் லேற்றெக்ஸ் (பால் போன்ற ஒட்டுத் திரவம்) கலந்த சீமெந்துக் குழம்பைத் தூரிகையால் பூசி விற்கலாம். உள்மூலை வழியாகக் கசிவதை மாடிக்கு ஏற்றக் கொடுக்காதீர்கள், தூக்கும்போது கையோடு வந்துவிடும்.