செப்சிஸ் டிரையலுக்கு எச்எல்ஏ-டிஆர் வைத்து ஆள் சேர்ப்பது: எதில் கவனம் வேண்டும்?

கேள்வி:
செப்சிஸில் (தொற்றால் உறுப்புகள் செயலிழக்கும் நிலை) எதிர்ப்பாற்றல் ஒடுங்கிய நோயாளிகளுக்கான இரண்டாம் கட்ட டிரையலுக்குப் (மருந்துச் சோதனைக்கு) புரோட்டோகால் எழுதுகிறோம். மோனோசைட் என்ற வெள்ளையணு மேல் உள்ள எச்எல்ஏ-டிஆர் புரதம் (எதிர்ப்பாற்றல் ஒடுங்கினால் குறையும்) ஒரு செல்லுக்கு 8,000 ஆன்டிபாடிக்குக் கீழே இருப்பவர்களை மட்டும் சேர்க்க யோசனை. ஐசியூ ஐந்து, அதை அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டர் மெஷின் இரண்டில்தான். எங்கே சறுக்கும்?

பதில் 1:
சாகும் அபாயத்தைச் சொல்லும் மார்க்கர் வேறு, மருந்து யாருக்குக் கேட்கும் என்று சொல்லும் மார்க்கர் வேறு. லாக்டேட் முதல் வகை. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது.

ஆள் கணக்கையும் முன்கூட்டியே போடுங்கள். செப்சிஸுக்கு அஃபெலிமோமாப் மருந்தைச் சோதித்த மோனார்க்ஸ் டிரையலில் (2004) 2,634 பேரில் மார்க்கரான ஐஎல்-6 (அழற்சிப் புரதம்) மில்லிலிட்டருக்கு 1,000 பிக்கோகிராமைத் தாண்டியவர்கள் 998 பேர்தான், அதாவது 38%. அதே விகிதம் என்றால் 100 பேரைச் சேர்க்க 264 பேரிடம் ரத்தம் எடுக்க வேண்டும்.

பதில் 2:
பெரும்பாலும் கெடுவது டியூபில்தான். அறை வெப்பநிலையில் சில மணி நேரம் கிடந்தாலே மோனோசைட் மேல் எச்எல்ஏ-டிஆர் ஏறிவிடும். 7,000 இருந்தவர் 9,000 காட்டி, தகுதி இருந்தும் வெளியே போவார். ஈடிடிஏ (ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள்) டியூபில் எடுத்து உடனே 4 டிகிரியில் வையுங்கள், 4 மணி நேரத்துக்குள் ஸ்டெயின் செய்யுங்கள் (ஒளிரும் ஆன்டிபாடி சேருங்கள்). சதவீதமாகவோ வெறும் ஒளிர்வளவாகவோ எழுதாதீர்கள். அது மெஷினுக்கு மெஷின் மாறும். ஒவ்வொரு ரன்னிலும் குவாண்டிபிரைட் பீட்ஸ் (ஒளிர்வளவு தெரிந்த அளவுகோல் மணிகள்) ஓட்டி, செல்லுக்கு எத்தனை ஆன்டிபாடி என்று மாற்றுங்கள். மெஷின் இல்லாத மூன்று இடங்களுக்கு நிலைப்படுத்தும் டியூப் உண்டு. ஆனால் ஒரே நோயாளியிடம் இரண்டு டியூபிலும் எடுத்து ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பயன்படுத்துங்கள்.

பதில் 3:
முதல் நாள் குறைவாக இருப்பது சகஜம், பலருக்குத் தானாகவே ஏறும். 2009-இல் ஜிஎம்-சிஎஸ்எஃப் (எதிர்ப்பாற்றலைத் தூண்டும் மருந்து) சோதித்த ஜெர்மன் ஆய்வு (38 பேர்) இரண்டு நாள் தொடர்ந்து 8,000-க்குக் கீழே இருந்தவர்களையே எடுத்தது. நீங்களும் அப்படியே வையுங்கள். ஒரே அளவீட்டை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு, செப்சிஸில் ரத்த உறைவுக் கோளாறுக்கு மருந்து சோதித்த ஸ்கார்லெட் டிரையலில் ஐஎன்ஆர் (ரத்தம் உறையும் நேரத்தின் அளவு) 1.40-க்கு மேல் என்று சேர்த்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு, முதல் டோஸ் போடும்போதே ரத்த உறைவுக் கோளாறு தீர்ந்திருந்தது. பலன் தெரியாமல் போக அதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

ஃபெரிட்டினும் (அழற்சி மிகுந்தால் ரத்தத்தில் ஏறும் புரதம்) பாருங்கள். இம்யூனோசெப் என்ற செப்சிஸ் டிரையல், ஃபெரிட்டின் மில்லிலிட்டருக்கு 4,420 நானோகிராமைத் தாண்டியவர்களை அழற்சியை அடக்கும் அனகின்ரா பக்கம் அனுப்பியது. எச்எல்ஏ-டிஆர் 5,000-க்குக் கீழே இருந்தவர்களுக்கு எதிர்ப்பாற்றலைத் தூண்டும் இன்டர்ஃபெரான்-காமா. அழற்சி கொதிக்கும் ஒருவருக்கு எதிர்ப்பாற்றலைத் தூண்டும் மருந்து கொடுப்பது ஆபத்து.

கேள்வி கேட்டவர்:
இரவில் லேப் மூடியிருக்கும். மாலை 6 மணிக்கு மேல் தகுதி பெறுபவர்களுக்கு?

பதில் 2:
அந்த ரத்தத்தை ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் ஓட்டாதீர்கள். காலையில் லேப் திறந்ததும் புதிதாக எடுங்கள். புரோட்டோகாலில் ஸ்கிரீனிங் நேரத்தை அதற்கு ஏற்ப நீட்டி எழுதுங்கள்.